ராமநாதபுரம் கடற்கரை: ரேடியோ குறுக்கீட்டை எங்கே, எப்படி அளப்பது?

கடலாடிக்காரன்

கல்லூரி இயற்பியல் துறைக்கு இரண்டு ரேடியோ வானியல் கருவி வைக்கிற திட்டம், அதற்கு வெளி ரேடியோ இரைச்சல் குறைந்த இடம் வேண்டும். ஹைட்ரஜன் கோட்டுக்கு (விண்வெளி ஹைட்ரஜன் வெளியிடும் ரேடியோ அலை) 3 மீட்டர் டிஷ், 1420.4 மெகாஹெர்ட்ஸ். சூரிய வெடிப்புக்கு காலிஸ்டோ என்ற ரேடியோ நிறமாலைமானி, 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை. இடம் விஷயத்தில் மூன்று யோசனை ஓடுகிறது: தனுஷ்கோடிச் சாலை ஓரம், மூக்கையூர்ப் பக்கம், ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் ஓரம். கையில் ஒரு டிஸ்கோன் ஆன்டெனா (சுற்றிலும் எல்லாத் திசையிலிருந்தும் பிடிப்பது), ஒரு ஆர்டிஎல் டாங்கிள் (கணினியில் செருகும் மலிவு ரேடியோ ரிசீவர்), ஒரு ராஸ்பெர்ரி பை (கையளவு கணினி) இருக்கிறது. மூன்று இடத்திலும் ஒவ்வொரு நாள் வைத்துப் பார்த்து, எங்கே கிராஃப் தட்டையாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாமா? தனுஷ்கோடியில் ஆள் நடமாட்டம் குறைவு, அதனால் அதுதான் முதல் விருப்பம்.

டெசிபல்பாண்டி

தனுஷ்கோடியை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்க தம்பி. கணக்கு போட்டாலே தெரியும். ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் 4.12 × (√கோபுர உயரம் + √நம்ம ஆன்டெனா உயரம்), உயரங்கள் மீட்டரில். எதிர்க்கரையில் 100 மீட்டர் கோபுரம், நம்ம ஆன்டெனா 5 மீட்டர் என்று வையுங்க: 50 கி.மீ. வருது. தலைமன்னார் அதைவிடக் கிட்டே. நடுவில் ஒரு மேடு கிடையாது, மரம் கிடையாது, வெறும் தண்ணீர். அந்தப் பக்கத்து எஃப்.எம்., செல் கோபுரம் எல்லாம் நேர்பார்வையில் நிற்கும். இந்தப் பக்கம் ராமேஸ்வரம் தூர்தர்ஷன் கோபுரம் 323 மீட்டர். அதற்கு இதே கணக்கு 83 கி.மீ. கொடுக்குது, அதாவது கீழக்கரையைத் தாண்டியும் தெரியும்.

இன்னொன்று. ஆள் குறைவான இடத்தில் செல் சிக்னலும் பலவீனம். சிக்னல் பலவீனமான இடத்தில் ஒவ்வொரு போனும் தன் முழு சக்தியில், எல்.டி.இ. என்றால் 200 மில்லிவாட்டில், கத்திக்கொண்டே இருக்கும். சுற்றுலா வேன் ஒன்று வந்து நின்றால் இருபது டிரான்ஸ்மிட்டர் வந்து நிற்கிறது என்று அர்த்தம்.

வாடைக்காற்று

பாண்டி அண்ணன் சொன்னது சாதாரண நாள் கணக்கு. இந்தக் கடலில் சாதாரண நாள் எத்தனை என்பதுதான் கேள்வி. கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும் மாதங்களில் நிலத்திலிருந்து வரும் காய்ந்த சூடான காற்று கடல்மேல் ஏறி உட்காரும். கீழே ஈரம், மேலே வறட்சி. அந்த அடுக்கு அலையைக் குழாய் மாதிரி பிடித்துக்கொண்டு அடிவானத்தைத் தாண்டிக் கொண்டுபோகும். எந்த அலைவரிசை சிக்கும் என்பது அடுக்கின் தடிமனைப் பொறுத்தது: குறைந்தபட்ச அலைவரிசை, கிகாஹெர்ட்ஸில், தோராயமாக 360 ÷ (தடிமன் மீட்டரில்)^1.5. 10 மீட்டர் தடிமன் என்றால் 11 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான், அது படகு ரேடாருக்கு உரிய சங்கதி. 100 மீட்டர் ஆனால் 360 மெகாஹெர்ட்ஸிலிருந்தே பிடிக்கும். 260 மீட்டர் ஆனால் எஃப்.எம். பட்டையும் உள்ளே வந்துவிடும்.

ஆகவே ஒருநாள் அளவு என்பது அன்றைய வானிலை அறிக்கை, அவ்வளவுதான். அதை வைத்து நிலம் வாங்கக் கூடாது. குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கத் தனிச் செலவும் வேண்டாம். கப்பல்களின் ஏ.ஐ.எஸ். (தானியங்கி அடையாள முறை) இருக்கிறது, 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ். தன் இடத்தைத் தானே சொல்லிக்கொண்டு போகும் பொது ஒலிபரப்பு. தனி டாங்கிளில் அதை டிகோட் செய்து, மணிக்கு ஒரு முறை கேட்ட கப்பலின் அதிகபட்சத் தொலைவை எழுதி வையுங்கள். வழக்கமாக 40, 60 கி.மீ. நிற்கும். மூக்கையூரிலிருந்து கொழும்புத் துறைமுகம் 280 கி.மீ. சொச்சம். அங்கே நிற்கும் கப்பல் இங்கே கேட்டால் அன்றைய ஸ்பெக்ட்ரத்தைத் தனியாக முத்திரை குத்தி வையுங்கள். இரண்டு வகை நாளையும் கலந்து சராசரி எடுத்தால் எந்த நாளுக்கும் பொருந்தாத ஒரு கோடு கிடைக்கும்.

கடலாடிக்காரன்

சரி, தனுஷ்கோடி போச்சு. குறைந்தது எத்தனை நாள் அளக்க வேண்டும்? ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை ஆர்.ஏ.769-இல் 1400–1427 பட்டைக்குக் குறுக்கீட்டு எல்லை மைனஸ் 255 (சதுர மீட்டருக்கு, ஹெர்ட்ஸுக்கு டெசிபல்வாட்) என்று போட்டிருக்கிறது. என் டிஸ்கோனில் அந்த அளவைத் தொட முடியுமா?

சேதுக்கரை

முடியாது. ஏன் முடியாது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அளக்கப் போவது நல்லது, இல்லையென்றால் "ஒன்றும் தெரியவில்லை, இடம் சுத்தம்" என்று அறிக்கை எழுதிவிடுவார்கள்.

1420-இல் அலைநீளம் 21.1 செ.மீ. எல்லாத் திசையும் சமமாகப் பார்க்கும் ஆன்டெனாவின் பயன்பரப்பு λ²/4π, அதாவது 0.0035 சதுர மீட்டர், மைனஸ் 24.5 டெசிபல். டிஸ்கோன் தரையைத்தான் பார்க்கிறது, அதனால், இரைச்சலை வெப்பநிலையாகச் சொன்னால், 300 கெல்வின் அங்கேயே வந்துவிடும். எல்.என்.ஏ.யின் (இரைச்சல் குறைந்த முன் ஆம்ப்ளிஃபயர்) நாய்ஸ் ஃபிகர், அதாவது அது தானாகச் சேர்க்கும் இரைச்சல், 1 டெசிபல் என்றால் மொத்தம் சுமார் 370 கெல்வின். இதைச் சதுர மீட்டருக்கு, ஹெர்ட்ஸுக்கு எத்தனை டெசிபல்வாட் என்று மாற்றினால் மைனஸ் 178. பரிந்துரையில் உள்ள அதே 27 மெகாஹெர்ட்ஸ் அகலம், அதே 2000 விநாடி சராசரி எடுத்தால் 54 டெசிபல் இறங்கும், மைனஸ் 232. நம்பத்தக்க கண்டறிதலுக்கு 5 சிக்மா (இரைச்சலின் ஏற்ற இறக்கத்தைப் போல 5 மடங்கு) வேண்டும், அது 7 டெசிபலைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். ஆக, எல்லைக்கும் நம்ம கண்ணுக்கும் இடையில் கிட்டத்தட்ட 30 டெசிபல் இருட்டு.

நாள் முழுக்கச் சேர்த்து சராசரி எடுத்தால் இன்னொரு 8 டெசிபல் கிடைக்கும், அதுவும் கெய்ன் (ஆம்ப்ளிஃபயரின் பெருக்கம்) நிலையாக இருந்தால். மிச்சத்தை ஆன்டெனாதான் கொடுக்க வேண்டும். உங்கள் 3 மீட்டர் டிஷ்ஷே 1420-இல் 30 டிபிஐ (எல்லாத் திசையும் சமமாகப் பார்க்கும் ஆன்டெனாவைவிட 30 டெசிபல் கூடுதல்) கொடுக்கும். டிஷ்ஷை அடிவானத்துக்குச் சாய்த்து, 4 டிகிரிக்கு ஒரு நிறுத்தமாக 90 நிறுத்தம் சுற்றுங்கள். டிஸ்கோனுக்கு வேலை வேறு: பலமானவை யார் யார், எப்போது வருகிறார்கள் என்று நாள் முழுக்கக் காவல் காப்பது.

எத்தனை நாள் என்றால், இந்தக் கரைக்குக் குறைந்தது வாடைப் பருவத்தில் ஒரு மாதம், கச்சானில் ஒரு மாதம். அதற்குக் குறைந்தால் நான் நம்ப மாட்டேன்.

நாட்டுப்படகு

மாதக் கணக்கோடு மீன்பிடி நாட்காட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்க. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று முறை இருக்கு. அளவெடுக்கிறவருக்கு இது இலவசமாகக் கிடைக்கிற பரிசோதனை. விசைப்படகு டீசல் எஞ்சின், அதில் தீப்பொறி பிளக் கிடையாது. அதிலிருந்து வருவது ஆல்டர்னேட்டர் இரைச்சல், எல்.இ.டி. விளக்கு டிரைவர், எக்கோ சவுண்டர், 156 மெகாஹெர்ட்ஸ் வி.எச்.எஃப். வயர்லெஸ். பெட்ரோல், மண்ணெண்ணெய் அவுட்போர்டு மாட்டிய வள்ளம் என்றால் கதையே வேறு. ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒரு துடிப்பு, 30-இலிருந்து சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரை பட்டை முழுக்க ஒரு செங்குத்துக் கோடு விழும். எஞ்சின் வேகத்தோடு இடைவெளி மாறும், அதை வைத்துப் பிடிச்சுடலாம். வள்ளத்திலும் பாதிக்கு மேல் டீசல் இருக்கிற ஊர் உண்டு, அதனால் அந்தந்தக் கரையில் விசாரித்து எழுதுங்க.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு இரைச்சல் இல்லாத கடல் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்க்க முடியும். அந்த அளவை மட்டும் காட்டி "அமைதியான இடம்" என்று யாராவது நிதி கேட்டால் சந்தேகப்படுங்க.

படகில் இன்னொன்று: அவசர பீக்கன்கள் 406.0–406.1-க்குள் வேலை செய்யும். ரேடியோ வானியலுக்கு ஒதுக்கிய 406.1–410 அதற்கு அடுத்த வீடு. தவறுதலாக ஆன் ஆன பீக்கன் ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒரு முறை அரை விநாடி அடிக்கும். பார்த்தால் குறுக்கீடு என்று ஒதுக்கிவிடாதீங்க, கடலோரக் காவல்படைக்கு 1554-இல் சொல்லுங்க.

டெசிபல்பாண்டி

கடலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கரையில் முதல் எதிரி மின்கம்பம்தான். உப்புக்காற்று பீங்கான் இன்சுலேட்டர்மேல் படிந்துகொண்டே போகும். இரண்டு வகைக் கோளாறு இருக்கு, குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, தளர்ந்த இரும்புச் சாமான்: கிளாம்ப், பின், கட்டுக்கம்பி. நடுவில் நூலளவு இடைவெளி விழுந்து பொறி பறக்கும். காய்ந்த வெயிலில், காற்றில் அதிகமாகும், மழை பெய்தால் வாயை மூடிக்கொள்ளும். இரண்டாவது, உப்பு படிந்த இன்சுலேட்டர். இது தலைகீழ். பகலில் சும்மா இருக்கும். விடிகாலைப் பனியில் உப்பு நனைந்து மின்சாரம் கசிய ஆரம்பிக்கும், நடுவில் காய்ந்த ஒரு வளையம் உண்டாகி அதைத் தாண்டிப் பொறி அடிக்கும். ஐப்பசியில் நல்ல மழை ஒன்று கழுவிவிட்டால் சில வாரம் நிம்மதி. விடிகாலை 4-க்கு எழும்பி வெயில் ஏற ஏற மறைகிற இரைச்சல் என்றால் பெரும்பாலும் இதுதான்.

இரண்டுக்கும் பொது அடையாளம்: 10 மில்லிவிநாடிக்கு ஒரு கொத்து, அதாவது 50 ஹெர்ட்ஸின் இரண்டு மடங்கு. ஸ்பெக்ட்ரம் பார்த்தால் தெரியாது, காலவாரியாகப் பார்க்கணும். கம்பத்தைத் தேட ஏ.எம். ரிசீவர் போதும். தூரத்தில் இருக்கும்போது 50 மெகாஹெர்ட்ஸில் கேளுங்க, கிட்டே போகப் போக 150, பிறகு 400-க்கு ஏறுங்க. மேல் அலைவரிசை அதிக தூரம் போகாது, ஆகவே 400-இல் கைப்பிடி யாகி ஆன்டெனாவில் எந்தக் கம்பத்தில் உச்சமோ அதுதான் ஆள். கம்ப எண்ணைக் குறித்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்க. கம்பத்தைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு இருக்கு. வேண்டாம், பொறி பறக்கிற சாமான் உங்கள் தலைக்கு மேலே இருக்கு.

கடலாடிக்காரன்

மாடியில் வைத்துச் சோதனை ஓட்டம் விட்டதில் 1400, 1425 இரண்டிலும் ஊசி மாதிரி கோடு. பாதுகாக்கப்பட்ட பட்டைக்குள் யார் ஒலிபரப்புகிறார்கள்?

சேதுக்கரை

உங்கள் ராஸ்பெர்ரி பை. ஈதர்நெட்டின் 25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம்: 56 மடங்கு 1400, 57 மடங்கு 1425. டாங்கிளின் 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகமும் 1411.2-இல் எட்டிப் பார்க்கும். ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டுங்கள். கோடு அப்படியே நின்றால் சர்க்யூட்டுக்குள் கசிவு. மறைந்தால் பெட்டியிலிருந்து காற்றுவழி ஆன்டெனாவுக்குப் போகிறது.

மருந்து: பை, டாங்கிள் இரண்டையும் டை-காஸ்ட் அலுமினியப் பெட்டிக்குள் போடுங்கள். மூடியின் விளிம்பில் பெயின்ட் சுரண்டி, கடத்தும் காஸ்கெட். வெளியே வரும் ஒவ்வொரு கம்பியும் ஃபீட்-த்ரூ மின்தேக்கி வழியாக. ஈதர்நெட் கேபிளே வேண்டாம், ஃபைபர் போடுங்கள். மின்சாரத்துக்கு 12 வோல்ட் பேட்டரியும் லீனியர் ரெகுலேட்டரும். சோலார் பேனல் வைத்தால் எம்.பி.பி.டி. சார்ஜரும் இரைச்சல் மூட்டை, அதை நேரம் போட்டு அளவு எடுக்காத வேளையில் மட்டும் ஓட விடுங்கள்.

அடுத்த ஐயத்தையும் தீர்த்துவிடுங்கள்: தெரிகிற கோடு உண்மையில் காற்றில் இருக்கிறதா, நம்ம ஆம்ப்ளிஃபயர் திணறிப் பெற்றதா? எல்.என்.ஏ.க்கு முன்னால் 3 டெசிபல் அட்டென்யுவேட்டர் செருகுங்கள். உண்மையான சிக்னல் 3 இறங்கும், மூன்றாம் படி இன்டர்மாட் (பலமான சிக்னல்கள் கலந்து உண்டாகும் போலிக் கோடு) 9 இறங்கும். டாங்கிள் 8 பிட், தாங்கு எல்லை 48 டெசிபல்தான். எஃப்.எம்.-ஐ வெட்டும் நாட்ச் ஃபில்டர், 1420-ஐ மட்டும் விடும் கேவிட்டி ஃபில்டர் இல்லாமல் இந்தக் கரையில் எந்த அளவும் செல்லாது. காவல் ரிசீவரில் ஃபில்டரை எல்.என்.ஏ.க்கு முன்னால் வையுங்கள். டிஷ்ஷில் பின்னால்: முன்னால் வைத்தால் அரை டெசிபல் இழப்புக்கே 37 கெல்வின் கூடும்.

வாடைக்காற்று

இதோடு ஒன்று சேர்க்கிறேன், கடற்கரைக்கே உரியது. அட்டென்யுவேட்டர் சோதனையில் 3 டெசிபல் சரியாக இறங்குகிறது, ஆனாலும் எஃப்.எம். நிலையங்களின் கூட்டல் கழித்தலில் வரும் அலைவரிசையில் கோடு நிற்கிறது என்றால், இன்டர்மாட் ரிசீவருக்கு வெளியே உண்டாகிறது. துருப்பிடித்த இணைப்பு டையோடு மாதிரி வேலை செய்யும். தகரக் கூரை, முள்வேலி, ஸ்டே கம்பி, எதுவும் ஆகலாம். மழைநாளில் கோடு மாறினால் சந்தேகம் உறுதி. வேலியை ஒவ்வொரு பகுதியாக ஈரக் கோணி போட்டு அசைத்துப் பார்த்தால் ஆள் சிக்கும். நம்ம கட்டுமானத்தில் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், அலுமினியமும் செம்பும் நேரடியாகத் தொடாமல் இடையில் வாஷர், என்-கனெக்டர்மேல் தானே ஒட்டும் ரப்பர் டேப். ஸ்டே கம்பிக்கு இரும்புக்குப் பதில் நைலான் அல்லது பாலியெஸ்டர் கயிறு, மீன்வலைக் கடைகளிலேயே கிடைக்கும்.

பனங்காடு

இடம் பற்றி யாரும் ஆர்.எஸ்.மங்கலத்தைத் தொடவில்லை. கண்மாய்க் கரையைத் தடுப்பாகப் பயன்படுத்தலாம் என்பதுதானே யோசனை? கணக்கு நல்லாத்தான் வருது. நேர்க்கோட்டுக்கு மேல் 4 மீட்டர் எழும்பிய கரை, ஆன்டெனாவிலிருந்து 50 மீட்டரில். கத்திமுனை விளிம்புச் சூத்திரம் 1420-இல் 18 டெசிபல் குறைப்பு, 327-இல் 13, 38 மெகாஹெர்ட்ஸில் 8 சொல்லுது. மண்கரை கத்திமுனை மாதிரி கூர் இல்லை, இரண்டொரு டெசிபல் முன்னே பின்னே இருக்கும்.

சிக்கல் எங்கேன்னா, நம்ம மாவட்டத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரியுது. கரை பெரும்பாலும் கிழக்கு ஓரத்தில், வயல் அதற்கும் கிழக்கே. கடலும் எதிர்க்கரையும் கிழக்கே. ஆக, கடல் பக்கத்திலிருந்து மறைவு வேண்டுமென்றால் கரைக்கு மேற்கே, கண்மாய்க்குள்ளே நிற்கணும். மழைக்காலத்தில் தண்ணி நிற்கிற இடம். மாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் சக்கரம் வைத்த மேடையில் காலிஸ்டோ ஓட்டலாம், அதுவும் நீர்வளத்துறை, ஊர்க்காரர்கள் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு. நிரந்தரக் கட்டுமானம் நடக்காது.

கண்மாய்க்குள் நிற்கும் சீமைக் கருவேலத்தைத் தடுப்பாக எண்ணுகிறவர்களும் உண்டு. 100 மீட்டர் அடர்த்தி இருந்தால் 1420-இல் ஓரளவு மறைக்கும். ஆனால் வெட்டச் சொல்லி நீதிமன்ற உத்தரவு இருக்கிற மரத்தை நம்பி ஆன்டெனா வைக்க முடியுமா?

டெசிபல்பாண்டி

நம்ம பக்கம் உள்ளே போகப் போகப் பலர் கமுதி சூரிய மின்நிலையத்தைப் பார்த்துப் பயப்படுறாங்க. 648 மெகாவாட், சரிதான். ஆனால் பெரிய இன்வெர்ட்டரின் இரைச்சல் 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேதான் கனம். கடற்கரையில் 1420 பார்க்கிறவருக்கு அதால் தொல்லை இல்லை. பக்கத்து வீட்டு மாடியில் இருக்கிற மலிவு இன்வெர்ட்டர்தான் தொல்லை. சூரியன் மறைந்ததும் இரைச்சல் மறைகிறதா என்று பார்த்தால் போதும். இறால் பண்ணை கிட்டே இருந்தால் இதற்கு நேர்மாறு. ஏரேட்டர் இரவு முழுக்க ஓடும், மோட்டாருக்கு வி.எஃப்.டி. (வேகக் கட்டுப்படுத்தி) போட்டிருந்தால் கேபிளே ஆன்டெனா ஆகிவிடும். பண்ணையிலிருந்து 2 கி.மீ. தள்ளுங்க.

உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கு. அந்தச் சுற்றில் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம். வேறு எங்கே வைத்தாலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்க. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் தேசியப் பூங்கா, அந்த எண்ணமே வேண்டாம்.

கடலாடிக்காரன்

அப்போது மூக்கையூர்ப் பக்கம்தான், கடற்கரையிலிருந்து சில கி.மீ. உள்ளே. எதைச் சேமிப்பது? முழு ஐ.க்யூ. பதிவு (ரிசீவரின் மூல அலை மொத்தமும்) என்றால் வட்டு தாங்காது.

சேதுக்கரை

2.4 மெகாசாம்பிள், 8 பிட், ஐ-யும் க்யூ-வும்: விநாடிக்கு 4.8 மெகாபைட், நாளைக்கு 415 ஜிகாபைட். வேண்டவே வேண்டாம். 1024 சேனலுக்கு விநாடிக்கு ஒரு முறை இரண்டு எண் மட்டும் வையுங்கள்: சக்தியின் கூட்டல், சக்தியின் வர்க்கக் கூட்டல். நாளைக்கு 700 மெகாபைட் சொச்சம்தான். இந்த இரண்டிலிருந்து ஸ்பெக்ட்ரல் குர்டோசிஸ் (சக்தி எந்த அளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் எண்) வரும். இயற்கை இரைச்சலுக்கு அது 1. 1024 ஸ்பெக்ட்ரம் கூட்டினால் சிக்மா 0.0625, ஆகவே 0.81-க்குக் கீழே அல்லது 1.19-க்கு மேலே போனால் பெரும்பாலும் மனிதன் செய்தது. தொடர்ந்து நிற்கும் கேரியர் 1-க்குக் கீழே இழுக்கும், குறுந்துடிப்பு மேலே தள்ளும். பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப் ஆகிற சிக்னல் மட்டும் 1-லேயே நின்று ஏமாற்றும். அதற்காக 1024-உம் 256-உமாக இரண்டு நீளத்தில் கணக்கிடுங்கள்.

கால முத்திரை யு.டி.சி.யில், ஜி.பி.எஸ். கடிகாரத்தோடு. 10 நிமிடத்துக்கு ஒரு முறை ரிலே போட்டு 50 ஓமுக்கும் நாய்ஸ் டையோடுக்கும் மாற்றி, 10 விநாடி அளவெடுக்க வேண்டும். இந்த வெயிலில் எல்.என்.ஏ. கெய்ன் பகலுக்கும் இரவுக்கும் மாறும், அந்த அளவு இல்லாவிட்டால் குறுக்கீடு கூடியதா, கெய்ன் கூடியதா என்று சொல்ல முடியாது.

வாடைக்காற்று

காலிஸ்டோவுக்கு இவ்வளவு கூட வேண்டாம். அதிலேயே ஸ்பெக்ட்ரல் ஓவர்வியூ வசதி இருக்கு, 62.5 கிலோஹெர்ட்ஸ் படியில் 13,200 சேனல். அதை நாளைக்கு நாலு வேளை, இரண்டு பருவத்திலும் ஓட்டி, எல்லா வேளையிலும் தாழ்வாக நின்ற 200 சேனலை அலைவரிசைக் கோப்பில் போட்டால் முடிந்தது. 88–108-ஐ முழுதாக விட்டுவிடுங்க, அதை இந்தக் கரையில் யாரும் மீட்க முடியாது.

1420 பக்கம் ஐயமான எழுச்சி ஏதாவது தினமும் வந்தால், வருகிற நேரத்தைக் குறித்துவாங்க. வானத்துப் பொருள் என்றால் நாளுக்கு 3 நிமிடம் 56 விநாடி முன்னால் வரும், 15 நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும். தினமும் அதே மணிக்கு வந்தால் ஊரில் யாரோ சுவிட்ச் போடுகிறார்கள். செயற்கைக்கோள் என்றால் இரண்டிலும் சேராது, அதன் சுற்றுப்பாதைக் கணக்கோடு ஒப்பிடணும். 1598-இலிருந்து குளோனாஸ், 1616-இலிருந்து இரிடியம். இவை உங்கள் பட்டைக்கு வெளியேதான், ஆனால் 1612 ஓ.எச். (ஹைட்ராக்சில்) கோட்டுக்கு யாராவது ஆசைப்பட்டால் அப்போது பேசலாம்.